பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறது?

வாசகர் கேள்வி - பதில்: வெள்ளமும் தெரு வரைபடமும்

கே: எங்கள் பகுதி மக்களே சேர்ந்து ஒரு வெள்ளகால வரைபடம் தயாரிக்க வேண்டும் என்கிறார் நண்பர் ஒருவர். அரசாங்கத்திடம் இல்லாத வரைபடமா? (வாசகர், முடிச்சூர்)

அரசிடம் வரைபடம் இருக்கிறது. மருத்துவமனை எங்கே என்று அதில் இருக்கும். அந்த மருத்துவமனையின் ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருக்கிறதா, மாடியில் இருக்கிறதா என்பது இருக்காது. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரமும் ஜெனரேட்டரும் நின்றுபோன அந்த நாட்களில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 18 பேர் இறந்தார்கள்.

நிவாரண முகாம் பட்டியலில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயரும் இருக்கும். அதன் சாவி தலைமையாசிரியரிடமா, வாட்ச்மேனிடமா? அந்த வாட்ச்மேனின் வீடே முதலில் மூழ்கும் தெருவில் இருக்கிறதா? இதற்கெல்லாம் உங்கள் தெருக்காரர்களுக்குத்தான் பதில் தெரியும். தெரிந்ததை எழுதி வைக்கச் சொல்கிறார் உங்கள் நண்பர். முடிச்சூர்க்காரருக்கு மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துத் தாம்பரத்தில் அந்த டிசம்பரில் ஒரே நாளில் கொட்டியது 49 சென்டிமீட்டர். நண்பர் பேச்சைக் கேளுங்கள்.

கே: 'முக்கியக் கட்டமைப்பு' என்றால் அணை, பாலம், மின் நிலையம் என்றுதானே அர்த்தம்? எங்கள் தெருவில் அதெல்லாம் இல்லையே! (வாசகி, மடிப்பாக்கம்)

உங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. நடைபாதையோரம் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் இருக்கிறது. அதற்குள் தண்ணீர் போனால் தெரு முழுக்க இருட்டு. கழிவுநீர் உந்து நிலையம் எங்கோ இருக்கிறது. அது நின்றால் உங்கள் வீட்டுக் கழிப்பறை வழியாகவே சாக்கடை மேலே வரும். ரேஷன் கடை, ஆவின் பூத், மெடிக்கல் ஷாப், அங்கன்வாடி, கைபேசி கோபுரம், கல்யாண மண்டபம், மாடிப்படி வெளியில் இருக்கிற மூன்று மாடி வீடு எல்லாமே கணக்கில் வரும்.

ஒரு பொருள் படத்தில் வர வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இது ஒரு நாள் நின்றுபோனால் யார் உயிருக்கு ஆபத்து? டயாலிசிஸ் போகிறவர், ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருப்பவர், இன்சுலினை ஃப்ரிட்ஜில் வைத்திருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி. இவர்களில் ஒருவருக்கு அது தேவைப்பட்டால் அது முக்கியக் கட்டமைப்புதான்.

கே: கூகுள் மேப் போதாதா? (வாசகர், அண்ணா நகர்)

போதாது. ஓட்டலுக்கு வழி காட்டும். உங்கள் தெரு மழைநீர் வடிகால் எந்தப் பக்கம் சரிந்து, எங்கே போய் முட்டி நிற்கிறது என்று காட்டாது. நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த தகவலை மொத்தமாகத் திருப்பி எடுத்து உங்கள் விருப்பப்படி அச்சடிக்கவும் அதில் வழியில்லை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இரண்டுக்கும் வழி உண்டு. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய உலக வரைபடம் அது. யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2015 வெள்ளத்தில் தண்ணீர் நிற்கும் தெருவைச் சென்னை மக்களே தொட்டுக் குறிக்கும்படி தன்னார்வலர்கள் ஒரு படத்தை அமைத்தது இதன் மேல்தான். ஆயிரக்கணக்கான தெருக்கள் பதிவாயின. அதைச் செய்தவர்களுக்கு இந்த நகரம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அது தண்ணீர் வந்தபின் போட்ட படம். வருமுன் போட வேண்டியது இன்னும் பாக்கி.

கே: சரி, எங்கே தொடங்குவது? எங்கள் சங்கத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். (குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், பள்ளிக்கரணை)

நடையில் தொடங்குங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து உங்கள் பகுதியை மட்டும் பெரிய தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். சங்கத் தலைவரும் செயலாளரும் மட்டும் போனால் படம் பாதிதான் வரும். உங்களோடு வர வேண்டியவர்கள் வேறு. வடிகாலில் இறங்கித் தூர் வாரும் தொழிலாளிக்கு எந்த மேன்ஹோல் எந்தக் குழாயோடு சேர்கிறது என்று தெரியும். மின்வாரிய வயர்மேனுக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மரை அணைத்தால் எந்தெந்தத் தெரு இருளும் என்று தெரியும். பால் போடுகிறவருக்கு மழைநாளில் எந்தச் சந்து வழியாக நுழைய முடியும் என்று தெரியும். தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் பெண்மணிக்குத் தண்ணீர் முதலில் எந்தப் பக்கமிருந்து வரும் என்பது மணிக்கணக்கோடு தெரியும். வாடகைக்காரர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை என்று சொல்லி அவரை விட்டுவிடாதீர்கள். முதலில் நனைவது அவர் வீடுதான். துப்புரவுத் தொழிலாளிக்கும் வயர்மேனுக்கும் அந்த அரை நாள் கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். அவர்கள் அறிவை இலவசமாக வாங்குவது நியாயமில்லை.

சுவரில் பழைய வெள்ளக் கறை இருந்தால் அங்கே நில்லுங்கள். எந்த வருடம், எத்தனை நாள் நின்றது, எப்படி வடிந்தது என்று கேளுங்கள். தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் 2015-ல் தொடங்கிய ரமானி ஹுரியா திட்டத்தில் பல்கலைக்கழக மாணவர்களும் பகுதிவாசிகளும் இப்படித்தான் வெள்ளத்தின் ஆழத்தைப் பதிந்தார்கள். கணுக்கால் அளவா, முழங்கால் அளவா, இடுப்பளவா என்பதுதான் கேள்வி. பாட்டிக்கும் பேரனுக்கும் புரிகிற அளவுகோல் அது. வடிகால்களிலும் இறங்கி அகலம், ஆழம், அடைப்பு எல்லாவற்றையும் அளந்தார்கள். அந்த நகரத்து மக்களில் பெரும்பாலோர் திட்டமிடாத குடியிருப்புகளில்தான் வாழ்கிறார்கள். அங்கே முடிந்தது பள்ளிக்கரணையில் முடியாதா?

கே: கைபேசியிலேயே கடல் மட்டத்திலிருந்து உயரம் காட்டுகிறதே! அதை வைத்து எந்த வீடு தாழ்வு என்று குறித்துவிடலாமா? (பொறியியல் மாணவர், கிண்டி)

கூடாது. கைபேசி காட்டும் உயரம் மீட்டர் கணக்கில் தப்பும். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவும் அப்படியே. தென்சென்னை போன்ற தட்டை நிலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வருமா, வாசலோடு நிற்குமா என்பதை அரை அடி தீர்மானிக்கிறது.

கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை வாங்கிக்கொள்ளுங்கள். காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை 2015-ன் கறை இருக்கும் சுவரில் ஒருவர் பிடிக்கட்டும். மறுமுனையை டிரான்ஸ்ஃபார்மர் மேடைக்கோ கிளினிக் வாசலுக்கோ இன்னொருவர் கொண்டுபோகட்டும். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கறைக்கு நேராக இந்தப் பக்கம் ஒரு பெயின்ட் கோடு. இப்படியே டியூபை நகர்த்தி நகர்த்தித் தெரு முழுவதும் அந்தக் கோட்டைக் கொண்டுபோகலாம். முடிந்ததும் தெருவின் ஒரு முனையில் நின்று பாருங்கள். எந்தப் பில்லர் பாக்ஸ் கோட்டுக்குக் கீழே இருக்கிறது, எந்த வீட்டு மீட்டர் பெட்டி மூழ்கும் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் கவனம். அளவைச் சாலையிலிருந்து எடுக்காதீர்கள். நம் ஊரில் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுச் சாலை ஏறிக்கொண்டே போகிறது. பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புதுசு போட வேண்டும் என்று 2021-ல் அரசு உத்தரவே போட்டது. உங்கள் தெருவில் அது நடந்ததா என்பதையும் இந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். கோயில் படி, பழைய பள்ளிக் கட்டிடத்தின் அடித்தளம் என்று நகராத ஒன்றிலிருந்து அளவு எடுங்கள்.

கே: எங்கட ஊரில் இப்படி ஏதும் நடந்ததாக நான் அறியேன். வெளிநாட்டுக் கதைகளைத்தான் எல்லாரும் சொல்லுகினம். (வாசகர், மட்டக்களப்பு)

உங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது! தெற்காசியாவில் உலக வங்கியின் ஓப்பன் சிட்டீஸ் திட்டம் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட மூன்று ஊர்களில் காத்மாண்டு ஒன்று, டாக்கா ஒன்று, மூன்றாவது மட்டக்களப்பு. 2011 ஜனவரி வெள்ளத்தை உங்கள் மாவட்டம் மறந்திருக்காது. அதற்கடுத்த ஆண்டுகளில் உங்கள் நகரின் கட்டிடங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். காத்மாண்டில் அப்படிச் சேர்த்த பள்ளி, மருத்துவமனை விவரங்கள் 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் மீட்புக்காரர்களுக்குக் கை கொடுத்தன. உங்கள் நகரத்துப் படத்தைத் திறந்து பாருங்கள். பத்தாண்டுகளில் புதிதாக முளைத்த கட்டிடங்களும் மாறிப்போன பாதைகளும் அதில் விடுபட்டிருக்கலாம். அதைச் சரிசெய்ய உங்களைவிடத் தகுந்தவர் வேறு ஆர்?

கே: ஒரு மாநகரம் முழுவதையும் இப்படிப் படமாக்கியவர்கள் உண்டா? (வாசகி, கோயம்புத்தூர்)

ஜகார்த்தா. 2012-ல் நகரத்தின் பேரிடர் மேலாண்மை அமைப்பு 267 கெலுராஹான்களின் நிர்வாகிகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தது. கெலுராஹான் என்றால் நம் வார்டு மாதிரி. பக்கத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் கணினியோடு உட்கார்ந்தார்கள். நிர்வாகி எல்லையைக் காட்டினார், பள்ளியை, மருத்துவமனையை, வழிபாட்டுத் தலத்தைக் காட்டினார். மாணவர் அதைப் படத்தில் ஏற்றினார். தெரிந்தவரிடமே போய்க் கேட்டதால் வேலை சீக்கிரம் முடிந்தது. அடுத்த ஜனவரியில் பெருவெள்ளம் வந்தபோது எந்தப் பகுதி மூழ்கியிருக்கிறது என்று காட்ட அந்தப் படம் தயாராக இருந்தது. பெருநகர சென்னை மாநகராட்சியில் வார்டுகள் 200. ஜகார்த்தாவைவிடக் குறைவு.

கே: நாங்கள் அடையாறு கரையில் இருக்கிறோம். கையில் படம், டேப்போடு யார் வந்தாலும் பயமாக இருக்கிறது. கணக்கெடுத்துப் போன பிறகுதான் எங்கள் பக்கத்து வீடுகளை இடித்தார்கள். நாங்கள் எதற்கு இதில் சேர வேண்டும்? (வாசகி, சைதாப்பேட்டை)

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. 2015-க்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. வெள்ள அபாயம் என்றுதான் காரணம் சொன்னார்கள். பெரும்பாக்கம் இருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அங்கேயும் தண்ணீர் சூழ்ந்தது. வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டுப் போனவர்களுக்குத் தண்ணீரும் விடவில்லை. உங்களிடம் வந்து 'நம்பிப் படம் போடுங்கள்' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அப்படியும் நான் போடச் சொல்கிறேன். ஆனால் போடுவது நீங்களாக இருக்க வேண்டும், படமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். படத்தின் பிரதி எங்களுக்கு வருமா? எங்களைக் கேட்காமல் வேறு யாருக்காவது போகுமா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் தராவிட்டால் மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

வீடு வீடாக ஆள் கணக்கு, ரேஷன் அட்டை எண், வாடகையா சொந்தமா என்பதெல்லாம் வெள்ளகாலப் படத்துக்குத் தேவையே இல்லை. யாராவது கேட்டால் சந்தேகப்படுங்கள். தேவையானவை வேறு: குழாய், பொதுக் கழிப்பறை, மின்பெட்டி, கரையேறும் படிக்கட்டு, ஸ்ட்ரெச்சர் நுழையும் அகலமுள்ள சந்து, படகு வந்து ஒட்டக்கூடிய இடம். 2015-ல் மீனவர்கள் படகோடு நகரத்துக்குள் வந்தபோது எந்தச் சந்துக்குள் போவது என்று வழி சொன்னவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான்.

இன்னொரு பயனும் உண்டு. இந்தத் தெருவிளக்கு, இந்தக் குழாய், இந்த அங்கன்வாடி எல்லாம் இத்தனை வருடமாக இங்கே இருக்கின்றன என்று தேதியோடு பதிந்த படம், நீங்கள் இங்கே வாழ்ந்ததற்கு ஒரு சான்று. டிரான்ஸ்பரன்ட் சென்னை என்ற குழு முன்பு நகரத்தின் பொதுக் கழிப்பறைகளையும் குடிசைப் பகுதிகளையும் படமாக்கியதற்குக் காரணமே, அதிகாரப்பூர்வப் படங்களில் அவை விடுபட்டிருந்ததுதான்.

கே: முதியவர்கள், நோயாளிகள் வீடுகளையும் படத்தில் குறிக்கலாமா? (வாசகர், திருவொற்றியூர்)

பொதுப் படத்தில் கூடவே கூடாது. தனியாக இருக்கும் முதியவரின் வீட்டை ஊருக்கே காட்டுவது ஆபத்து. அவர் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி, தெருவில் அவர் நம்பும் இருவரிடம் இருக்கட்டும்.

கே: இதற்கு ஏன் காகிதம்? ஒரு ஆப் செய்துவிடலாமே. (மென்பொருள் பணியாளர், சோழிங்கநல்லூர்)

செய்யுங்கள், படம் போடுவதற்கு உதவும். வெள்ளத்தன்று கையில் இருக்க வேண்டியது காகிதம். 2015-ல் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்து கைபேசிகள் ஊமையாயின. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாமல் டிசம்பர் 2 அன்று தி இந்து நாளிதழின் சென்னைப் பதிப்பே வெளிவரவில்லை. லேமினேட் செய்த பிரதி ஒன்று தெருமுனை மெடிக்கல் ஷாப்பில், ஒன்று பள்ளியில், ஒன்று காவல் நிலையத்தில் இருக்கட்டும்.

கே: தெருவை, டிரான்ஸ்ஃபார்மரைப் படமெடுத்தால் போலீஸ் பிடிக்காதா? (வாசகர், கும்மிடிப்பூண்டி)

வரைபடம் தயாரிக்க முன் அனுமதி தேவையில்லை என்று மத்திய அரசு 2021 பிப்ரவரி 15 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பாதுகாப்புத் துறை இடங்கள் போன்றவற்றை விட்டுவிடுங்கள். கிளம்புமுன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் சிக்கல் இல்லை.

கே: மழை எச்சரிக்கை வந்தாலே எங்கள் ஊரில் மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். இது சரியா? (வாசகி, வேளச்சேரி)

பட்டு அறிந்தவர்கள் தேடிய மேட்டு நிலம் அது. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆம்புலன்சுக்கு ஒரு பக்கம் வழி விட வேண்டும். எந்தப் பாலத்தில், எந்தப் பக்கம், எத்தனை வண்டி என்று படத்தில் குறித்துப் போக்குவரத்துக் காவலர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கே: எங்கள் மாவட்ட வெள்ளத்தில் சாலை, மின்சாரம், போன் எல்லாமே போயின. அப்போது எந்தக் கட்டமைப்பு மிஞ்சும்? (வாசகர், தூத்துக்குடி)

மனிதர்களும் அடுப்பும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழையில்தான் ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் நின்றுபோனது. ஏறக்குறைய 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள் தங்களிடம் இருந்த அரிசியைக் கொண்டு சமைத்துப் போட்டார்கள். அவர்கள் வீடுகளும் மழையில்தான் இருந்தன. கோயில் மடைப்பள்ளி, பெரிய அண்டா வைத்திருக்கும் சமையல்காரர், விறகு நனையாத கொட்டகை, நெல் அரைக்கும் மில் என்று உங்கள் படத்தில் இவையும் வரட்டும். எந்த அரசுப் பட்டியலிலும் இவற்றைத் தேட முடியாது.

கே: அணையில் இத்தனை கன அடி திறப்பு என்று செய்தி சொல்கிறார்கள். எங்கள் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று வரைபடம் சொல்லுமா? (வாசகர், கடலூர்)

நீங்கள் எழுதினால் சொல்லும். 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி என்றார்கள். தென்பெண்ணைக் கரையில் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு அந்த எண் என்ன சொல்லும்? ஆற்றில் உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் தரைப்பாலத் தூணில் கோடு போடுங்கள். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொட்ட எத்தனை மணி நேரத்தில் உங்கள் தெருவுக்கு வந்தது என்று ஒவ்வொரு மழையிலும் குறியுங்கள். மேல்கரை ஊரில் ஒருவரின் தொடர்பு இருக்கட்டும். மூன்று மழைக்குள் உங்களிடம் ஒரு நேர அட்டவணை உருவாகிவிடும்.

கே: படம் போட்டால் வெள்ளம் நின்றுவிடுமா? (வாசகர், ஆவடி)

நிற்காது. ஏரியின் போக்குக் கால்வாயில் கட்டிய கட்டிடத்தைப் படம் அகற்றாது. அதற்கு அரசு வேண்டும், சட்டம் வேண்டும். ஆனால் கால்வாய் எங்கே சுருங்குகிறது, எந்த இடத்தில் குழாயாக மாறிக் காணாமல் போகிறது என்று அளவோடு காட்டினால், 'மழை அதிகம்' என்று சொல்லி அதிகாரி நகர்ந்துவிட முடியாது.

கே: படம் தயார். யாரிடம் கொடுப்பது? வாங்கி மேசைக்குள் போட்டுவிட்டால்? (மகளிர் சுய உதவிக்குழு உறுப்பினர், செங்கல்பட்டு மாவட்டம்)

பாராட்டுகள். மின்வாரிய உதவிப் பொறியாளருக்கு மின்பெட்டிகள் பற்றிய பக்கம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவப் பக்கம், தாசில்தாருக்கு முழுப் படம் என்று பிரித்துக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வாங்குங்கள். படத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் போட்டு வைத்தால், மழைக்காலத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐ அழைக்கும்போது அந்த எண்ணைச் சொல்லியே இடத்தைக் காட்டலாம். நகரத்தில் இருப்பவர்கள் ஏரியா சபையில் வைக்கலாம்.

உங்களுக்குக் கிராம சபை இருக்கிறது. அக்டோபர் 2 அன்று கூடும், வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு. படத்தைச் சுவரில் மாட்டி, பழைய வெள்ளக் கோட்டுக்குக் கீழே இருக்கும் மின்பெட்டிகளை உயர்த்த வேண்டும், முகாம் பள்ளிக்கு ஜெனரேட்டரும் டீசலும் வேண்டும் என்று தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்து எழுந்து போகுமுன் தீர்மானப் புத்தகத்தில் அது ஏறிவிட்டதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.